ஏழு தட்டும் ஒரு சட்டி ரசமும்

சேத்தூர் ஐயாதுரை அண்ணன் முப்பது வருடம் கல்யாணப் பந்தியில் பரிமாறியவர். இலையில் உட்கார்ந்தவர் வாய் திறக்கும் முன்பே, விரலைப் பார்த்து யாருக்கு ரசம், யாருக்கு மோர் என்று சொல்லிவிடுவார். அந்தப் பெருமையை டீக்கடையில் ஆரம்பித்தாரென்றால் கேட்கிறவனுக்குக் காது வலிக்கும். அப்பேர்ப்பட்டவர்தான் போன வருடம் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பெலிக்ஸ் முதலாளியின் ரயில் பெட்டியில் போய் நின்றார். இடுப்பு விட்டுப்போனதால் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை நெடுக நடக்க முடியவில்லை. இங்கே தட்டு தட்டாக எடுத்து வைத்தால் போதும். வீட்டில் அவர் சம்பாத்தியம் ஒன்றுதான்.

பெலிக்ஸ் முதலாளிக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி இருக்கிறது. பணம் வந்த பிறகு பவுசும் வரவேண்டுமே! மகன் ஜெபினோடு ஒன்பது நாள் பாரிசில் இருந்துவிட்டு வந்தார். வந்த சூட்டோடு பழைய மீட்டர்கேஜ் பெட்டி ஒன்றை ஏலத்தில் எடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டோரம் துண்டுத் தண்டவாளம் போட்டு நிறுத்தினார். தேக்குப் பலகைக்குப் பாலிஷ், ஜன்னலுக்கு வெல்வெட் திரை, உள்ளே பிரெஞ்சுச் சாப்பாடு. ஒன்றன்பின் ஒன்றாக ஏழு தட்டு வரும். ஒவ்வொன்றின் நடுவிலும் சுண்டைக்காய் அளவுக்கு ஏதோ இருக்கும், அதைச் சுற்றி சாஸில் ஒரு கோடு இழுத்திருக்கும். யானைப்பசிக்குச் சோளப்பொரி. அங்கே தட்டு கழுவினது நான்தான். கழுவ என்ன இருக்கிறது, துடைத்தாலே போதும்.

முதலாளி சட்டம் வேறு போட்டிருந்தார். பரிமாறுகிறவன் விருந்தாளியிடம் பேசக் கூடாது. ‘சாப்பிடுங்க, சாப்பிடுங்க’ என்று உபசரிப்பது பட்டிக்காட்டுத்தனம், அதை யாருமே செய்யக் கூடாது. ஒரு தட்டு முடிந்து எல்லாரும் ஸ்பூனைக் கீழே வைத்த பிறகுதான் அடுத்தது போக வேண்டும். ஐயாதுரை அண்ணன் ஆறு மாதமாகத் தற்காலிகம். ஜெபினுக்குப் பெண் கொடுக்கப் போகிறவர்கள் விருந்துக்கு வரும் நாளில் ஒரு குறையும் இல்லாமல் நடந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். பெண் ஷெரினின் பெரியம்மா பிரிஸ்கில்லா டீச்சர் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அவரே ஜெபம் பண்ணினார். முதல் தட்டாகச் சூப் வந்தது. ஒருவரும் தொடவில்லை.

எப்படித் தொடுவார்கள்? முதன்முதலாகச் சம்பந்தி வீட்டில் கை நனைக்க வந்தவர்கள். சோறு, கறி, கூட்டு எல்லாம் வைத்து முடித்து, வீட்டுக்காரர் ‘சாப்பிடுங்க’ என்று சொன்னால்தான் கை வைப்பார்கள். வீட்டுக்காரரோ பாரிஸ் மரியாதையைக் கட்டிக்கொண்டு, அவர்களே முதலில் ஸ்பூனை எடுக்கட்டும் என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் அடுப்படியில் சென்னை செஃப் இரண்டாவது தட்டை வைத்துக்கொண்டு, சூப் கிண்ணம் திரும்பி வரட்டும் என்று நின்றார். அரைமணி நேரம் போனது. பருத்தி விலையைப் பேசினார்கள், மழையைப் பேசினார்கள்.

ஐயாதுரை அண்ணன் திரையை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“ஏட்டி பாண்டிசெல்வி, அவிய சோத்துக்குக் காத்திருக்காவ. சாப்பிடச் சொல்லி ஒரு வார்த்த சொல்லணும்.”

“நீங்கதான் சொல்லுங்கண்ணே.”

“சொன்னா வேல போயிரும்லா.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. டீக்கடையில் அளந்த பெருமையெல்லாம் எங்கே போயிற்று? வெட்கங்கெட்ட மனுஷன் என்று நினைத்துக்கொண்டு தட்டைத் துடைத்தேன்.

திரும்பிப் போனவர் டீச்சரின் விரலைப் பார்த்திருக்கிறார். மேசை விரிப்பின்மேல் அது நடுங்கிக்கொண்டிருந்தது. ஏசியிலும் நெற்றி வேர்த்திருந்தது. உட்கார்ந்ததும் சோறு போட்டுவிடுவார்கள் என்று நம்பி, டீச்சர் காரிலேயே சர்க்கரைக்கு ஊசி போட்டுவிட்டு வந்திருந்தார். ஊசிக்குப் பிறகு சோறு தாமதித்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வந்துவிடுமாம். இதெல்லாம் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அண்ணன் அடுப்படிக்கு ஓடி வந்து ஏழாவது தட்டைத் தூக்கினார். அதில் கேரமல் புட்டிங்.

“ஐயோ, அது கடைசி ஐட்டம்!” என்று செஃப் கத்தினார்.

“எங்க ஊரு இலையில இனிப்புதான்யா மொதல்ல.”

டீச்சர் முன்னால் தட்டை வைத்துவிட்டு, “சாப்பிடுங்கம்மா. எல்லாரும் சாப்பிடுங்க” என்றார். அதோடு நிற்கவில்லை. எங்களுக்கென்று நான் வைத்திருந்த சோற்றையும் ரசத்தையும் சட்டியோடு கொண்டுபோய்ப் பரிமாறினார். டீச்சர் முகத்துக்கு உயிர் வந்தது. சூப் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, இரண்டாந்தரம் ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

முதலாளி எழுந்துவிட்டார். “ஏலே, யாரக் கேட்டுலே இத வச்ச? வேலைக்காரச் சோத்த எஞ் சம்பந்திக்குப் போடுதியோ? நாளையிலருந்து வராத, போலே!”

ஒன்பது நாள் பாரிஸ் ஒரு நொடியில் இறங்கிப் போயிற்று.

டீச்சர் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார். “பெலிக்ஸ் தம்பி, மயங்கி விழப்போனவளுக்குச் சோறு போட்ட மனுசன வெளிய போகச் சொல்லுதிய. எங்க ஷெரின் இந்த வீட்டுல பசிக்குன்னு சொன்னா அவள என்ன சொல்லுவிய?” பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்தார். மற்ற ஐந்து பேரும் பின்னாலேயே இறங்கினார்கள்.

ஐயாதுரை அண்ணன் இப்போது பந்தியில் தண்ணீர் பாட்டில் வைக்கிறார். இடுப்புக்கு அவ்வளவுதான் முடிகிறது, கூலியும் பாதிதான். அன்றைக்கு மனதுக்குள் அவரை ஏசியதற்காக நான் இன்னும் வெட்கப்படுகிறேன்.

ஜெபினுக்கு இன்னும் பெண் அமையவில்லை. அந்தச் சம்பந்தம் ஏன் முறிந்தது என்று கேட்கிறவர்களிடமெல்லாம், சூப் ஆறிப்போய்விட்டது என்கிறார் முதலாளி. அதைச் சூடாக வைக்க ஒரு மிஷின் வாங்கியிருக்கிறார்.