கூர் போன பாராங்

பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு அடுப்புக்கு மேலே ஒரு பாராங் தொங்குகிறது, காடு வெட்டும் நீளக் கத்தி. பூசணிக்காயைக்கூட வெட்டாது. தூக்கிப் போடச் சொல்லாத ஆள் இல்லை. அது என் அத்தானுடையது, அக்காவின் கணவர்.

நாங்கள் முன்பு இருந்த கிள்ளான் கடலோர ரப்பர் தோட்டத்தில் அந்தக் கத்திக்கு ஏக மரியாதை. தொழிலாளர் வீடுகளின் வரிசையான லயத்தைச் சுற்றி இருண்ட சதுப்புக் காடு. வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் கிடப்பார். அத்தானும் ஆட்களும் காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டி, தண்ணீரை வடித்தார்கள். நிழலோடு கொசுவும் போனது, காய்ச்சலும் போனது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. சூரியனைத் தானே கொண்டுவந்து இறக்கியது போல நடந்தார்.

பிறகு செமினிப் பக்கம் மலைத் தோட்டத்துக்கு மாறினோம். அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லை. லயத்துக்குக் கீழே, பள்ளத்தில், மரங்கள் கவிந்த ஓர் ஓடை. அதைப் பார்த்த நாள் முதல் அத்தானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோட்ட மேலாளரான துரையை நச்சரித்து அனுமதி வாங்கினார். "பயப்படாதே புள்ள, வெயில் விழுந்துட்டா காய்ச்சல் அண்டாது" என்று அக்காவிடம் சொன்னார். நானும் நம்பினேன். கிள்ளானில் கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது?

மரங்கள் விழுந்ததும் ஓடை வெயிலில் மின்னியது. அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது. அவ்வளவு அழகு. சில வாரங்களில் லயம் முழுக்கக் காய்ச்சல் நடுக்கம். அக்கா கம்பளிக்குள் பல் கிட்டிக் கிடந்தாள். பிள்ளை இறந்தே பிறந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் பிறகுதான் விளக்கினார், அவருக்கே அது புதுச் சங்கதி. கடலோரக் கொசு நிழல் தண்ணீரில் முட்டையிடுமாம். மலைக் கொசு வேறு இனம். அதற்கு வெயில் படும் தெளிந்த ஓடைதான் வேண்டுமாம். இத்தனை நாளும் அதை அண்டவிடாமல் வைத்திருந்தது அந்த மரங்கள்தான். "எனக்காகத்தானே வெட்டுனீங்க" என்றாள் அக்கா அத்தானிடம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நேரே ஓடைக்குப் போய், கத்தியின் வாயைப் பாறையில் தேய்த்து மழுங்கடித்தார். அந்தச் சத்தம் லயம் வரைக்கும் கேட்டது.

ஓடையில் எண்ணெய் தெளித்துக் கொசுவை அடக்கினார்கள். பள்ளத்தில் செடிகொடி மெல்ல மூடியது. விறகுக்கு ஒரு குச்சி ஒடித்தாலும் அத்தான் சண்டைக்குப் போவார். பைத்தியம் என்று சிரித்தார்கள். நிழல் திரும்பிய பிறகு பிறந்தவள்தான் இப்போது என்னோடு இருக்கும் அக்கா மகள்.

நேற்று அவள் கத்தியை இறக்கி, சாணை பிடிக்கக் கொடுக்கலாமா சின்னம்மா என்று கேட்டாள்.

"வேணாம்டி. அது வெட்டாததாலதான் நீ இருக்கே."

கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, மறுபடி ஆணியில் மாட்டினாள்.