காற்று இறங்கும் வரை

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறங்கும் பாதையில் பாறை சரிந்து கிடந்தது. ஜீப்பில் என் மனைவிக்குப் பிரசவ வலி. பனிமூட்டத்துக்குள் ஒருவர் ஜாக்ஹாமரால் பாறையை உடைத்துக்கொண்டிருந்தார். இமையெல்லாம் வெள்ளைத் தூள். திடீரென்று கருவி நின்றுவிட்டது.

"சீக்கிரம் கழட்டிப் பாருங்கண்ணே, வலி ஜாஸ்தியாவுது" என்று கெஞ்சினேன்.

"கம்ப்ரசர மூடிட்டேங்க. ஓஸ் பைப்புல இன்னும் காத்து நின்னுக்கினு இருக்குது. இப்ப கழட்னா ஆள அடிச்சிடும்."

கருவியின் விசையை அழுத்தி மிச்சக் காற்றை வெளியே விட்டபடி, கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சீறல் மெல்லப் பெருமூச்சாகிப் பனியில் கரைந்தது. ஜீப்பில் அவளும் முனகலை நிறுத்திவிட்டு அதையே கேட்டாள்.

பிறகுதான் கழற்றினார். கல்துகளைத் துடைத்து, எண்ணெய் விட்டுப் பூட்டினார். பாறை உடைந்து வழி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள்.

அவர் கண்மூடி நின்ற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் எனக்குப் பயமே இல்லாமல் போனது ஏன் என்று இன்றும் தெரியவில்லை.