சேவல் கூவினால் எழுந்து போகிறவர்

பட்டப்பகலில் சேவல் கூவினால் எனக்கு இன்றும் சிரிப்பு வந்துவிடும். நான் சொல்வது கூரையேறும் சேவல் இல்லை. ஒரு பனியன் கம்பெனி முதலாளியின் செல்போனில் நானே வைத்துக்கொடுத்த அலாரம்.

திருப்பூர் மருத்துவமனை ஒன்றில் சிறுநீரகப் பிரிவு நர்ஸ் நான். முதலாளிக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். பையை எடுத்தே ஆகவேண்டும். அதன்பின் சிறுநீருக்கு வேறு வழி செய்ய வேண்டுமே! வயிற்றுக்கு வெளியே ஒரு பை ஒட்டிக்கொள்வது ஒரு வழி. குடலில் ஒரு துண்டை எடுத்து உள்ளேயே பை தைத்து, பழைய பாதையில் இணைப்பது இன்னொன்று. கட்டி அந்தப் பாதைவரை இறங்கிவிட்டதால் அது அவருக்கு ஆகாது. மூன்றாவது, உள்ளே தைத்த பைக்கு வயிற்றில் சிறு துவாரம் வைத்து, சில மணிநேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் விட்டு அவரே காலி செய்துகொள்வது.

"வெளிய பை வெச்சுக்கலாங்களா?" என்றார் டாக்டர். "சரீங்க." "உள்ள வெச்சா?" "அதுவுஞ் சரீங்க."

மனிதர் யாருக்கும் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. நான் தெற்கத்திக்காரி, எனக்குப் பொறுக்கவில்லை. "அய்யா, உங்க மனசுல உள்ளதச் சொல்லுங்க" என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வெளிய வேண்டாங்க அம்மிணி. நமக்குச் சொந்த ஊரு கொமரலிங்கம். சட்டையக் கழட்டிப் போட்டுட்டு அமராவதி ஆத்துல எறங்கிக் குளிக்கோணுங்க."

சிறுநீரகம் நன்றாக இருந்தது, குடலும் நன்றாக இருந்தது, விரல்களில் நடுக்கமில்லை. டாக்டரின் கவலை வேறு. "சரக்கு வாங்க வர்ற வெளிநாட்டுப் பார்ட்டி முன்னால உக்காந்துட்டா இவரு எந்திரிப்பாரா சிஸ்டர்? பை நெறஞ்சு வெடிச்சுட்டா உயிருக்கே ஆபத்தாச்சே!" நியாயமான பயம்தான். ஆப்பரேசனுக்கு முன் ஒரு வாரம் ஒத்திகை பார்ப்போம் என்று கெஞ்சி, சில மணிநேரத்துக்கு ஒருமுறை கூவும்படி அவர் போனில் சேவலை வைத்துக்கொடுத்தேன். கூவினால் எங்கிருந்தாலும் எழுந்து போய்விட வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தேன். "பேசிட்டிருக்கறவங்கள உட்டுட்டு எப்படீங்க எந்திரிக்கறது?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஆறு வேணுமா, மரியாத வேணுமா? ஒண்ணச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டேன்.

வார முடிவில் வந்தார். வெளிப் பைதான் நல்லது என்று டாக்டர் விளக்கிக்கொண்டிருக்கும்போது சேவல் கூவியது. முதலாளி எழுந்து கைகூப்பினார். "கோவிச்சுக்காதீங்க சாமி, நான் போயிட்டு வந்தர்றனுங்க." போயே விட்டார். திறந்த வாயோடு உட்கார்ந்திருந்த டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "உள்ளயே வெச்சரலாம் சிஸ்டர். ஆப்பரேசனுக்குத் தேதி குடுங்க."

போன மாதம் அவர் மகள் கல்யாணத்துக்குக் கொமரலிங்கம் போயிருந்தோம். மறுநாள் காலை அமராவதியில் இடுப்பளவுத் தண்ணீரில் டாக்டரும் அவரும். வெற்று மார்போடு அவர் முங்கி எழுந்ததைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டாக்டர் ஏதோ பழைய கதையை நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். படித்துறையில், துண்டுக்குள் சேவல் கூவியது. முதலாளி கரையேறிப் போய்விட்டார். மிச்சக் கதையை டாக்டர் என்னிடம் சொல்லி முடிக்க வேண்டியதாயிற்று.