சின்னக் கைப்பிடி

வெறும் பால்மாத் தகரப் பேணிக்குள் அரிசி விழும் சத்தம் எனக்கு இன்னும் கேட்கும். அடியில் ஒன்றுமில்லாத நாளில் சலசலவென்று பெரிய ஆரவாரத்தோடு விழும்; பேணி பாதி நிறைந்துவிட்டால் விழுந்ததே தெரியாது. மயிலிட்டியில் கடலோரம் இருந்த வீட்டை விட்டுச் சண்டைக்குப் பயந்து ஓடிவந்து, சாவகச்சேரிப் பக்கம் ஒரு தென்னங்காணியில் கிடுகுக் கொட்டில் போட்டு நாங்கள் இருந்த காலத்தில், எங்கள் காலைகள் அந்தச் சத்தத்தோடுதான் தொடங்கின.

உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை அம்மனுக்கென்று எடுத்துவைப்பது, அம்மா கலியாணமான புதிதில் நேர்ந்துகொண்ட நேர்த்தி. "பிடியரிசி" என்போம். பேணி நிறைந்ததும் பக்கத்து அம்மன் கோயிலுக்குப் போகும். அங்கே எங்களைப் போல இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார்கள். கடலுக்குப் போக வழியில்லாமல் அப்பா தோட்டங்களில் கூலிக்குக் கொத்தினார். அன்றைக்குக் கிடைப்பது அன்றைக்கே சரி. நாளைக்கு என்ன செய்வது என்று அவர் தொடங்கினால் அம்மா விடமாட்டார். "நாளையான் கதையை நாளைக்குக் கதைப்பம். இண்டைக்கு உலை கொதிக்குது, அதைப் பாருங்கோ."

சாவகச்சேரிக்கு வந்தபிறகு அந்தப் பிடியை அள்ளிப்போடும் வேலையை அம்மா எனக்குத் தந்துவிட்டார். எனக்கு ஏழு வயது. மூன்று அக்காமார் இருக்க என்னைத் தெரிந்தெடுத்தாரே என்று எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. குளித்து, திருநீறு பூசி, கண்ணை மூடிக்கொண்டு அள்ளுவேன். அக்காமார் தங்களுக்குள் சிரிப்பார்கள். பொறாமை என்று நினைத்தேன்.

பிறகு அப்பாவுக்கு மலேரியா வந்தது. நாலு நாள் நடுங்கிக் கிடந்தார். கூலி நின்றது, கூட்டுறவுச் சங்கக்கடைக்கு நிவாரண அரிசியும் வந்துசேரவில்லை. ஐந்தாம் நாள் காலை அரிசிப்பானை வெறுமை, அப்பாவுக்கு எழுந்து இருக்கவும் பலமில்லை. அம்மா பேணியைத் தூக்கிக் கஞ்சிப் பானைக்குள் கவிழ்க்கப் போனார். பக்தியில் அம்மாவை மிஞ்சியவள் நான், பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். "அது அம்மாளாச்சியின்ரை! அப்பாவுக்கு ஏதும் வந்திடும்!" அம்மனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். உண்மையாகவே பயந்தேன். அந்தக் கஞ்சியைக் குடித்தால் அப்பா செத்துப்போவார் என்றே நம்பினேன்.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. கோயில் இருந்த பக்கம் திரும்பி, "அம்மாளாச்சி, இண்டைக்கு உனக்கும் எங்கடை வீட்டிலைதான் கஞ்சி. வா" என்று, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டுவிட்டு அடுப்பை மூட்டினார். அன்று முழுவதும் நான் அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா தேறினார். சங்கக்கடைக்கு அரிசி வந்த அன்று, எடுத்ததையெல்லாம் திருப்பிப் போடவேண்டாமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"அவ கணக்குப் பாக்கிற ஆளில்லை. இண்டையான் பிடியைப் போடு."

போட்டேன். வெறும் பேணிக்குள் சலசலவென்று விழுந்தது. அப்போதுதான் மூத்தக்கா அடக்கமாட்டாமல் போட்டுடைத்தார். "உன்ரை கை சின்னன் எண்டுதானடி அம்மா உன்னைப் போடச் சொன்னவ!"

நான் அழுத அழுகையைப் பார்த்து அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு பிடி எண்டுதான் நேர்ந்தனான். ஆரின்ரை பிடி எண்டு சொல்லேல்லையே, பிள்ளை."

இப்போது மயிலிட்டிக்குத் திரும்பி வந்துவிட்டோம். பழைய வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்கூட மிச்சமில்லை; திரும்பி வந்ததைப் பார்க்க அப்பாவும் இல்லை. பேணி எந்த இடப்பெயர்வில் தொலைந்ததோ தெரியாது. பிடியரிசி இப்போது பிளாஸ்டிக் வாளிக்குள் விழுகிறது, சத்தமே கேட்பதில்லை. ஊருக்கு வந்த நாளிலிருந்து அதை மறுபடி அம்மாதான் தன் கையால் போட்டுவந்தார்.

போன மாதம் ஒரு காலை என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார். வாதத்தில் விரல்கள் விறைத்து, அவர் அள்ளினால் ஏழு வயதில் நான் அள்ளிய அளவுகூட வருவதில்லை.

"இனி நீ போடு பிள்ளை" என்றார். "இப்ப உன்ரை கைதான் பெரிசு."