அண்ணன் காத்த நெருப்புக் கற்கள்

எங்கள் அண்ணனின் கருமாதிப் பந்தலில் அமர்ந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் அவருடைய ஒரே தம்பி. மாத்தளையில் அச்சுக் கோர்க்கிறேன். அவசரம் வந்தால் எழுத்தைத் தலைகீழாக அடுக்குபவன். பிழைகளைப் பொறுத்தருள்க, அண்ணன் என்னையே பொறுத்தவர்.

அண்ணன் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். சுதந்திரம் வந்த காலத்தில் பெற்றோர் அடுத்தடுத்துக் கண்மூட, விறகு பிளக்கும் வேலையாய் துரை பங்களாவின் குசினிக்குள் நுழைந்தார். பிறகு அங்கேயே கோக்கியாகி, எல்லோருக்கும் சமைத்துப் போட்டு, என்னையும் படிக்க வைத்தார். அண்ணியை மணந்து பங்களாவுக்குப் பின்னாலிருந்த கோக்கி வீட்டில் குடியேறினார். பிரஜாவுரிமை இல்லாத எங்களுக்கு அந்த வீடுதான் நாடு. வேலை போனால் வீடும் போகும்.

அந்த வேலையோ ஓர் இரும்பு விறகடுப்பை நம்பி இருந்தது. வெள்ளைக்காரத் துரை கப்பலில் தருவித்த அடுப்பு அது. இறக்குமதி நின்ற பிறகு அதற்கு ஓர் ஆணிகூடக் கிடைக்கவில்லை. அடுத்து வந்த துரை, “அடுப்பு செத்தா மண்ணெண்ணெய் அடுப்புதான், அதுக்குத் தனியா கோக்கி எதுக்கு?” என்று சொல்லிவிட்டார்.

அன்று முதல் அண்ணன் உதிரிகள் சேர்க்கலானார். மூடிக்கிடந்த பங்களாக்களில் கேட்டு வாங்கிய மேல் வளையம், சாம்பல் தட்டு, கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றுவார். அடுப்பின் உள்சுவரில் இரும்பைக் காக்கப் பதிக்கும் நெருப்புக் கற்களை மட்டும் ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டியில் அடுக்கி, வீட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார். அவற்றில் ஈரக் கைகூடப் படக்கூடாது.

ஓர் ஆயுத பூசைக்கு நான் விடுப்பில் வந்திருந்தேன். அண்ணன் பங்களாவில் இருந்தார். நமக்குச் சோறு போடும் சாமானாயிற்றே என்று அண்ணி பெட்டியை இறக்கி, கற்களைப் பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரில் தேய்த்துக் குளிப்பாட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்தார். அண்ணி அனுமதித்த பிறகே இதை எழுதுகிறேன்.

மறுநாள் காலை அண்ணன் வேகமாக வந்தார். அடுப்பின் உள்சுவர் சரிந்துவிட்டதாம். பகல் சாப்பாட்டுக்குத் துரையின் விருந்தாளிகள் வருகிறார்களாம். பொட்டு வைத்த கல் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

“என்ன புள்ள, இந்தக் கனம் கனக்குது?”

“குளிப்பாட்டுனேங்க.”

“தண்ணிய குடிச்சிருச்சே. இத வச்சி நெருப்பு போட்டா வெடிக்கும். அடுப்பும் சேந்து பொளந்துரும்.”

“அண்ணே, சட்டியில போட்டு வறுத்துருவோமா?” என்றேன்.

“கல்லையா? கருவேப்பிலையும் போட்டுக்க.”

“அண்ணி, மூட்டைய கட்டுங்க, மண்டபம் கேம்பு வழியா இந்தியாவுக்கே போயிருவோம்” என்று நானே கட்டத் தொடங்கினேன். பிறகு அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே இருந்தவை அம்மிக் குழவியும் என் சீப்பும்.

“டேய், குழவிய எடுத்த எடத்துல வை. உங்கண்ணி பயந்துருவா” என்று சொல்லிவிட்டு அண்ணன் துரையிடம் போனார். நான் குரோட்டன் செடிக்குப் பின்னால் நின்றேன். செடி ஏன் நடுங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை.

“தொரை, இன்னிக்கி அடுப்பு எரியாது. வெளிய கல்லு கூட்டி ஆக்கித் தாறேன். நெருப்புக் கல்லு காய ஒரு கெழமை வேணுங்க.”

“கல்லு எப்பிடி நனைஞ்சது?”

“நான்தான் தொரை, கவனிக்காம விட்டுட்டேன்.”

“ஒரு கெழமைதான். பொறகு அடுப்பும் இல்ல, நீயும் இல்ல.”

அந்தக் கிழமை ஏழு நாளும் அடைமழை. ஒற்றைத் தகரத்தின் கீழ் பாதி நனைந்தபடி அண்ணன் துரைக்குச் சமைத்தார். வீட்டு அடுப்பில் கற்கள் கொள்ளாததால், தகரத்தடியில் இருந்த ஒரே காய்ந்த இடத்தில் அவற்றை வைத்துச் சிறுதீயில் தோசை போலத் திருப்பித் திருப்பிப் போட்டார். “நீங்களும் உள்ளுக்கு வாங்களேன்” என்று அண்ணி அழுதார். “எடம் ஒண்ணுதான் புள்ள, கல்லு இருக்கட்டும்” என்றார். கடைசியில் அடுப்பு எரிந்தது. கல்லில் கீறல் இல்லை. வேலை நிலைத்தது.

இருமல் மட்டும் போகவில்லை. அந்த மழைதான் காரணம் என்று வைத்தியர் சொல்லவில்லை, நான்தான் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு மழைக்காலம் இருமியபடியே சமைத்தவர், மாத்தளை ஆஸ்பத்திரியில் அண்ணியின் கையைப் பிடித்தபடி அடங்கினார்.

மலையிறங்கி அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த லயத்துப் பிள்ளைகளுக்கும், தாள் தட்டுப்பாட்டிலும் இம்மலருக்குத் தாள் தந்த என் முதலாளிக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். இன்னொருவர், புதிதாய் வந்த கோக்கி. வீட்டை வந்த அன்றே கேட்க அவருக்கு உரிமை இருந்தது. “காரியம் முடியட்டும்மா, நான் ஒரு மூலையில படுத்துக்கிறேன்” என்று மனைவியோடு குசினித் தரையில் தங்கியிருக்கிறார். இன்று நீங்கள் சாப்பிட்டு எழுந்ததும் அண்ணி அவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பார்.