ஆந்தா மீனில்லை

போன சனிக்கிழமை தலவாக்கலை பஸாருக்கு மீன் வாங்கப் போய், வாங்காமல் திரும்பி வந்தேன். விலை ஒரு காரணம்தான். ஆனால் அதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

வழக்கமாக நான் மீன் வாங்கும் கடையில் கடைக்கார நானா அன்றைக்கு இல்லை. மூதூரிலிருந்து வந்திருந்த அவருடைய மச்சான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறால் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, ஐஸுக்குள் ஒளிந்துகொண்டு ஒரு கைப்பிடி. விலையைக் கேட்டு என் முகம் எப்படிப் போனதோ தெரியாது, மனிதர் சிரித்துவிட்டார்.

"ஒங்கட மலையில தண்ணியெல்லாத்தையும் மறிச்சி வெச்சிக்கிட்டு, இறால் வெல கூடன்டு என்னட்டக் கேக்குறீங்களே, டீச்சர்?"

விளையாட்டாகத்தான் சொன்னார். நான்தான் திடுக்கிட்டுப் போனேன். மீன் வெட்டும் கத்தியின் நுனியால் பலகையில் இருந்த ஈரத்திலேயே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அதுதான் மகாவலி ஆறு. கடலுக்குக் கிட்டே வந்ததும் கோட்டை விரல் மாதிரி பிரித்தார். அது அவர் ஊர். முந்தியெல்லாம் மாரிக்குச் சிவத்த தண்ணீர் கடலுக்குள் வெகுதூரம் போகுமாம், அந்தச் சேற்றைத் தின்றுதான் இறால் குஞ்சு வளருமாம். "இப்ப தண்ணி வாறதே கொறவு. உப்பு உள்ளுக்கு ஏறிட்டு. கரையில நின்ட கண்டல் மரமெல்லாம் பட்டுப் போயிட்டு" என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கேள்வி வந்ததென்று தெரியவில்லை. "விலாங்கு வருமா?" என்று கேட்டேன்.

"முந்தி வரும். மேலருந்து வெள்ளத்தோட எறங்கும், என்ட கை மொத்தத்துல. கடலுக்குப் போய்த்தான் அது குஞ்சு பொரிக்குமாம். குஞ்சு நூல் மாதிரி திரும்பி ஆத்துல ஏறும். இப்பக் கண்டு எத்தனையோ வருசம்."

நான் பையை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். பாவம், விலையைப் பார்த்துத்தான் ஓடுகிறாள் என்று அவர் நினைத்திருப்பார்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் எங்கே தொடங்குவது என்பதிலேயே குழம்பிப்போவேன். மீனிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கரப்பத்தனைப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் மீன் என்றால் சனிக்கிழமை. வேன் ஹோர்ன் அடிக்கும்போதே லயத்து வரிசை வீடுகளின் பூனைகள் எல்லாம் ரோட்டுக்கு இறங்கிவிடும். சூரை, சாளை, சில நாள் கண் சிவந்த ஏதோ ஒன்று. ஐஸ் உருகிய அந்த வாசம் எங்களுக்குக் கெட்ட வாசமே இல்லை, சம்பள வாரத்து வாசம். எங்கள் ஊரில் மீன் கடலில் பிறக்காது. வேனில் பிறக்கும். நான் கடலை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பார்த்ததும் மூக்கு அந்த வேனைத்தான் தேடியது.

லயத்துக்குக் கீழே, கடைசியில் மகாவலியில் போய்ச் சேரும் ஆறு ஓடியது. ஆற்றில் பாறைக்கடியில் ஆழமான ஒரு கெடங்கு. அதில் ஆந்தா இருந்தது. விலாங்கைச் சிங்களத்தில் ஆந்தா என்பார்கள், நாங்களும் அப்படித்தான் சொல்வோம். விலாங்கு என்ற சொல்லை நான் பள்ளிக்கூடப் புத்தகத்தில்தான் படித்தேன். அது வேறு ஏதோ பிராணி என்றும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கெடங்கில் துணி துவைக்கப் போகிறவர்கள் முதலில் கல்லை இரண்டு தட்டுத் தட்டுவார்கள். ஆந்தா உள்ளே போய்க்கொள்ளட்டும் என்றுதான். அது போன பிறகே சவர்க்காரம் போடுவார்கள். துவைத்து முடிந்து ரொட்டித் துண்டொன்றைப் போட்டால் கறுத்த தலை வெளியே வரும். அதை யாரும் பிடிக்க மாட்டார்கள். அது இருக்கும் வரை கெடங்கு வற்றாது என்று ஒரு பேச்சு. சாமி என்றெல்லாம் கும்பிடவில்லை. பக்கத்து வீட்டு ஆளிடம் நடந்துகொள்வது போலத்தான். புஷ்பம் அக்கா அதனோடு சண்டைகூடப் போடுவாள். "தள்ளிப் போயேன், ஒனக்கு மட்டுமா இந்த ஆறு?" என்பாள்.

புஷ்பம் அக்கா எங்களுக்கு அடுத்த லயம். கொழுந்து எடுக்கிறவள். கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்த அன்றைக்கே ஆந்தா கை மொத்தம் இருந்ததாகச் சொல்வாள். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் அவள் வீட்டுக்கு எட்டாது. லயத்தின் கடைசி அறை, கடைசிக் காம்பரா அவளுடையது. அதனால் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் கெடங்குதான்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த நேரம் ஒரு வேலை கிடைத்தது. மேலே ஆற்றை மறித்து, தண்ணீரைக் குழாய்க்குள் திருப்பி, கீழே கொண்டுபோய் மின்சாரம் எடுக்கப் போகிறார்கள். அதற்கு முன் ஊராட்களிடம் கேள்வி கேட்டுத் தாளில் நிரப்ப வேண்டும். தாள் சிங்களத்தில் இருந்தது. அதைத் தமிழில் கேட்டுச் சிங்களத்தில் எழுத ஓர் ஆள் தேவை. எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கும் அளவுக்கு உண்மையாகவே தெரியும். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நான் நடந்த நடையை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

என்னை வேலைக்கு எடுத்த சிங்கள அதிகாரி, நாங்கள் சேர் என்போம், நல்ல மனிதர். என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். உடைந்த தமிழில் பேசிப் பார்ப்பார். "நங்கி, இல்லை சொன்னா இல்லை போடுங்க, அடுத்த கேள்வி போங்க" என்று சொல்லிக்கொடுத்தார்.

அன்றைக்கு நல்ல மழை. காலெல்லாம் இரத்தம் குடிக்கும் அட்டை. கெடங்கில் புஷ்பம் அக்கா, கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்காமல், துவைத்துக்கொண்டிருந்தாள். நான் குடைக்குள் தாளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். குளிக்கிறீர்களா, ஆம். துவைக்கிறீர்களா, ஆம். குடிக்கிறீர்களா, இல்லை. பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"அக்கா, ஆத்துல மீன் இருக்கா?"

"மீனா? இந்த ஆத்துல ஏது புள்ள மீனு? ஆந்தாதான் கெடக்கு."

"ஆந்தா மீனில்லையா?"

"மீனா இருந்தா தின்னுருப்போம்ல."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் 'இல்லை' என்று அடையாளம் போட்டேன்.

இங்கேதான் எனக்குக் குழப்பம். எங்கள் பேச்சில் அது நியாயமான பதில். தின்பதுதான் மீன், வேனில் வருவதுதான் மீன். ஆந்தா ஆந்தா. நானும் அந்த லயத்துப் பிள்ளைதானே, எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'ஆம்' என்று போட்டால் இன்னொரு பக்கம் நிரப்ப வேண்டும். என்ன மீன், எவ்வளவு பெரிது, எந்த மாதத்தில் தெரியும் என்று ஒரு முழுப் பக்கம். 'இல்லை' என்றால் அதைத் தாண்டிவிடலாம். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் கிடையாது. சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு போட்டேனா, அல்லது சோம்பேறித்தனத்தில் போட்டேனா? அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. இப்போதும் சத்தியமாகத் தெரியவில்லை.

தாளை மடிக்கும்போது அக்கா கேட்டாள். "எழுதிட்டியா புள்ள? கெடங்குக்குத் தண்ணி விடுவாங்கள்ல?"

"விடுவாங்க அக்கா. எழுதிருக்கேன்."

எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னேனோ! கழுத்து அட்டை செய்த வேலையாக இருக்கும்.

குழாய் போட்டு முடிந்தபோது நான் கொட்டகலையில் வேறு வேலைக்குப் போயிருந்தேன். லீவுக்கு வந்து பார்த்தால் ஆறு மெலிந்திருந்தது. மறிப்புக்குக் கீழே பாறைகளின் இடுப்பு தெரிந்தது. அவற்றுக்கு இடுப்பு இருந்ததே எங்களுக்கு அதுவரை தெரியாது. ஒரு கையளவு தண்ணீர் விட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் பரவாயில்லை, கெடங்கு நிறைந்திருந்தது. மாசி பிறந்ததும் கெடங்கு ஒரு அண்டாவளவுக்குச் சுருங்கியது. அதில் ஆந்தா சுருண்டு கிடந்தது. பாதி முதுகு வெளியே தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் புஷ்பம் அக்காவும் அதை ஈரச் சாக்கில் பிடித்தோம். வழவழவென்று இருந்தது. அக்கா அதைத் திட்டிக்கொண்டே பிடித்தாள், அழுதுகொண்டே திட்டினாள். குழாய்த் தண்ணீர் மறுபடி ஆற்றில் விழுகிற இடத்துக்கு, படிக்கட்டே இல்லாத தேயிலை மலையில், ஆளுக்கொரு முனையாகச் சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நான் இரண்டு தடவை விழுந்தேன். அக்கா ஒரு தடவையும் விழவில்லை. வாயை மட்டும் மூடவில்லை.

தண்ணீரில் சாக்கை அவிழ்த்தோம். ஆந்தா கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது, பிறகு போய்விட்டது. கீழே கடல் பக்கம் போனது என்கிறாள் அக்கா. மேலே, வற்றிய கெடங்குப் பக்கம்தான் திரும்பியது என்று நான் சொல்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே தண்ணீரைத்தான் பார்த்தோம். இன்றுவரை இந்த விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

கீழே போயிருந்தாலும் எதுவரை போயிருக்கும்? கொத்மலையில் அணை நிற்கிறது. அதற்குக் கீழே இன்னும் அணைகள். அந்த அணைகள் எல்லாம் எங்கள் குழாய்க்கு வெகுகாலம் முந்தியவை. அப்படியென்றால் எங்கள் ஆந்தா அணைகள் வருவதற்கு முன்பே, நூல் மாதிரிக் குஞ்சாக ஏறி வந்த கிழமாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒன்றும் ஏறியிருக்காது. அப்போது நான் என்ன எழுதினால் என்ன? இப்படி நினைத்தால் மனசு கொஞ்சம் லேசாகும். உடனேயே, அந்தக் கடைசி ஒன்றுக்காவது ஒரு பக்கம் எழுதியிருக்கலாமே என்று தோன்றும். மறுபடி பாரம் ஏறிக்கொள்ளும். மூதூர்க்காரரின் இறாலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சம்பந்தமே இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

சேரை ஒருமுறை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கண்டேன். தலை நரைத்திருந்தது. டீ குடித்துக்கொண்டே, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். அந்தத் தாளில் மீன் உண்டு என்று எழுதியிருந்தால் தண்ணீர் கூடுதலாக விட்டிருப்பார்களா?

அவர் யோசித்தார். "நங்கி, அந்தத் தாள் யாராவது வாசிச்சதா, எனக்கே தெரியாதே" என்றார்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. என் தப்பைக்கூட ஒருவரும் படித்துப் பார்க்கவில்லையா!

மூதூர்க்காரர் கோடு போட்டுக் காட்டிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துக்கு பஸ் ஏறினேன். புஷ்பம் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தேன். பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். 'அக்கா, அன்றைக்கு நான் இல்லை என்றுதான் எழுதினேன்.' இவ்வளவுதான், சின்ன வாக்கியம்.

அக்கா வேலையிலிருந்து நின்றுவிட்டாள். முழங்கால் வலி. அதே கடைசிக் காம்பராதான். இப்போது வீட்டு வாசலில் குழாய் இருக்கிறது, காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். எனக்குப் பிளேன்டீ ஊற்றினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டு மருமகள் எட்டிப் பார்த்தாள். புதிதாக வந்த பெண். அக்கா என்னைக் காட்டி அவளிடம் சொன்னாள்.

"நான் சொல்லுவேன்ல, அந்த டீச்சரு இவங்கதான். அன்னைக்கி மழையில நனைஞ்சிக்கிட்டு இவங்க எழுதிக் குடுத்ததாலதான் ஆத்துல இந்த மட்டுக்காவது தண்ணி விடுறாங்க. இல்லாட்டி அதுவும் இல்ல."

அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அக்காவின் முகத்தில் அப்படியொரு பெருமை. இத்தனை வருஷமாக லயம் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் டீயைக் குடித்தேன். நல்ல டீ என்று சொன்னேன். அந்தச் சின்ன வாக்கியம் வரவேயில்லை. இனி அதைச் சொன்னால் அவளிடமிருந்து எதைப் பிடுங்குகிறேன் என்று எனக்குப் புரியவில்லை. சொல்லாமல் விட்டால் யாரை ஏமாற்றுகிறேன் என்பதும் புரியவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் குறுக்கு வழியாக, கெடங்கு இருந்த இடத்தில் இறங்கி ஆற்றைக் கடந்தேன். அக்கரை ஏறிய பிறகுதான் காலைப் பார்த்தேன். செருப்புகூட நனைந்திருக்கவில்லை.