கறுத்துப்போன பிலிம்

இங்கிலாந்தில் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு என் மகன் செங்கற்பட்டுக்குத் திரும்பிய வாரம் அது. அவன் தலைவாரிய சீப்பில் ஒரு கொத்து முடி சிக்கியிருந்தது. பசிபிக் கடலில் அணுகுண்டுச் சாம்பல் மேலே விழுந்த ஜப்பானிய மீனவர்களைப் பற்றி நான் பத்திரிகையில் படித்திருந்தேன். அவர்களுக்கும் முடி கொட்டியதாம். இவனோ அணுவோடேயே வேலை செய்துவிட்டு வந்தவன்.

“கப்பல்ல உப்புத் தண்ணியில குளிச்சேன்ல, அதான்மா,” என்றான்.

நான் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டதில் கடைசியாகச் சொன்னான். அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் கோட்டில் ஒரு சின்னப் பிலிம் பட்டையைக் குத்திக்கொள்ள வேண்டும். ஆள் மேல் எவ்வளவு கதிர் பட்டதோ அவ்வளவுக்கு அது கறுக்கும். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் இவனுடைய பிலிம் கறுத்துவிட்டதாம்.

“கோட்ட மிஷின் பக்கத்துல ஆணியில மாட்டிட்டு, மறந்துட்டு வெளியே வந்துட்டேன். கதிர் பட்டது கோட்டு மேலதான், என் மேல இல்ல.”

எந்தத் தாய் இதை நம்புவாள்? என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறான் என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் மகாபலிபுரத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறினோம். சரக்கு ரயிலில் கார்டாக இருக்கும் என் கணவர் வழியில் கேட்டார்:

“அப்டி இன்னாடா அந்த மிஷின்ல செஞ்சிகினு இருந்த?”

“டியூட்ரான்னு ஒண்ணு நைனா. ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான், ரெண்டே பேரு. பிடிப்பு ரொம்ப லேசு. அத வேகமா ஈயத்து மேல வுடுவோம். ஈயத்தோட அணுக்கரு பெருசு. பக்கத்துல போறப்பவே நியூட்ரான மட்டும் இழுத்துக்கும். புரோட்டான் தனியா ஓடும். அது எந்தப் பக்கம் எவ்ளோ ஓடுதுன்னு பாத்தா, நியூட்ரான் உள்ளே எங்க போய் உக்காந்துச்சுன்னு சொல்லிடலாம்.”

“மாமியார் வூட்டோட தங்கிட்ட மாப்ளையாட்டம். கூடப் போன அண்ணன்காரன் மட்டும் கோச்சிக்கினு திரும்புறான்.”

“அதேதான் நைனா!”

முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கை வஞ்சிரம் வறுத்து வைத்தாள், நான் தொடவில்லை. கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களைப் பார்க்கவும் பயமாக இருந்தது.

மதராஸ் துறைமுகத்தில் சுங்கச் சோதனைக்காக நின்றுபோன அவனுடைய பெட்டியை மறுநாள் கணவர் கொண்டுவந்தார். மகன் அதைத் திறந்து, பாதுகாப்பு அதிகாரி கொடுத்த பிலிம் பிரதியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். கறுப்புக்கு நடுவே வெளுப்பாக ஒரு சிறு சதுரம்.

“பிலிம் மேல குட்டியா ஒரு ஈயத் தகடு இருக்கும்மா. இது அதோட நிழல். ஓரத்தப் பாரு.”

பிளேடால் அறுத்ததுபோல் இருந்தது ஓரம்.

“நான் போட்டுகினு நடமாடியிருந்தா, கதிர் பல பக்கத்துலேர்ந்தும் பட்டு ஓரம் கலங்கிப் போயிருக்கும். ஆணியில அசையாம தொங்கினதாலதான் இப்டி வுழுந்துகீது. அங்கயே ரத்தமும் பாத்துட்டாங்க. ஒண்ணுமில்ல.”

“நீ அந்த எடத்துல அசையாம உக்காந்துகினு இருந்திருந்தா?”

“யாரு, இவனா?” என்றார் கணவர். “சோறு துண்ணும்போதே ஒரு எடத்துல உக்கார மாட்டான்டி!”

என் கண் சுவருக்குப் போனது. அவன் சின்னப் பையனாக இருந்தபோது ஸ்டூடியோவில் எடுத்த எங்கள் ஒரே குடும்பப் படம் அங்கே மாட்டியிருந்தது. நானும் அவரும் தெளிவாக இருக்கிறோம். நடுவில் சட்டையும் கால்சட்டையும் இருக்கின்றன. அதற்கு மேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல். போட்டோக்காரர் எவ்வளவோ கெஞ்சியும் அவன் அசையாமல் நிற்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பதும் தெரிந்தது. தட்டை அவர்தான் எடுத்து வைத்தார்.